மலை ஏறிய பாதரசம்

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த அறிஞர்களுள் பிளேசு பாஸ்கல் தனிச் சிறப்புடையவர். அவர் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மிக இளமையிலேயே தாயை இழந்த அவரைத் தந்தையார் எத்தியேனே வளர்த்துக் கல்வி புகட்டினார். எத்தியேன் வரித்துறை அலுவலர், கணிதத்திலும் வல்லவர். ஆயினும், மைந்தன் முதலில் இலத்தீனும் கிரேக்கமும் கற்கவேண்டும் எனக் கருதி, கணித நூல்களை அவன் கண்ணிற்படாமல் மறைத்து வைத்தார். மறைத்து வைத்த பொருளின்மீது சிறுவர் மனம் செல்லுதல் இயல்பன்றோ! பன்னிரண்டு வயதில் பாஸ்கல் கரித்துண்டால் தரையில் உருவங்களை வரையத் தொடங்கினான். கோடு, வட்டம் என்னும் பெயர்களையும் அறியாமையால், கம்பி என்றும் வளையம் என்றும் தானே பெயரிட்டுக்கொண்டான். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்பதை அவன் ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில் தந்தையார் அங்கு வந்தார், கண்டு வியந்தார். அன்றோடு தடை நீங்கியது.

கூம்பின் வெட்டுமுகங்களைப் பற்றிப் பாஸ்கல் எழுதிய கட்டுரை 1640இல் அச்சாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது பதினாறு. வரிக் கணக்குகளைக் கூட்டிக் கூட்டித் தந்தையார் சோர்வதைக் கண்டு, 1642இல் கணக்கிடும் பொறி ஒன்றை அமைக்க முற்பட்டார். அதில் ஒரு சக்கரம் ஒன்பதைக் கடந்து சுழியத்திற்கு வரும்பொழுது, அடுத்த சக்கரம் தானே ஓர் இடம் நகரும். ஐம்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்த பின்னரே அவர் மனம் நிறைவுற்றது. விலை மிகுதியால் அப்பொறி பெருவழக்கிற்கு வரவில்லை.

அவர் புகழை நிலைநாட்டியது வேறொரு வினாவாகும். உறிஞ்சு குழாய் கிணற்று நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திற்கு மேல் ஏற்றுவதில்லை. ஏன்? இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது; ஆதலால் அதனை நிரப்ப நீர் மேலேறுகிறது என்று பண்டைக் காலந்தொட்டுச் சொல்லி வந்தனர். அந்த வெறுப்பு 10 மீட்டரோடு ஏன் நின்றுவிடுகிறது என்பதற்குத் தக்க விடை இல்லை. இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் அதனைக் கவிழ்க்கச் செய்தார். பாதரசம் சிறிது இறங்கி, சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. வெளியே உள்ள காற்றின் எடையே அதனைத் தாங்குகிறது என்றார் அவர். பலர் இதனை ஏற்கவில்லை.

பாஸ்கல் வாதப்போரில் இறங்கியதோடு நில்லாது, வழக்கைத் தீர்க்கும் சான்று எங்கே கிடைக்கும் என்று எண்ணினார். பாதரசத்தைத் தாங்குவது காற்றாயின், மலையுச்சியில் அதன் உயரம் குறைதல் வேண்டும். அங்கே மேலே உள்ள காற்று குறைவன்றோ? வெறுப்பே காரணமாயின், இயற்கை மலையடியில் மிகுதியாகவும் உச்சியில் குறைவாகவும் வெறுக்கும் என்று கூற இயலுமா? பாரிசில் இருந்த பாஸ்கல் நோயுற்ற உடலினர். எனவே, கிளெர்மோனில் வாழ்ந்த தம் தமக்கையின் கணவர் பெரியேருக்கு எழுதி, அருகிலுள்ள புயி-தெ-தோம் மலையில் சோதனை செய்யுமாறு வேண்டினார்.

1648ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் காலை, நகரின் தாழ்ந்த பகுதியில் இருந்த ஒரு மடத்துத் தோட்டத்தில் பெரியேர் இரண்டு குழாய்களை நிறுத்தினார். இரண்டிலும் பாதரசம் ஒரே உயரத்தில் நின்றது. ஒன்றை அங்கேயே வைத்து, நாள் முழுவதும் கவனிக்குமாறு ஒரு துறவியிடம் ஒப்படைத்தார். மற்றொன்றுடன் நகரப் பெரியோர் சிலர் சூழ மலை ஏறினார். உச்சியில் பாதரசம் ஏறத்தாழ மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தது! அவர்கள் தம் கண்களையே நம்பாமல், கட்டடத்தின் உள்ளும் வெளியும், காற்று வீசும் இடத்திலும் ஒதுக்கிடத்திலுமாக மீண்டும் மீண்டும் சோதித்தனர். முடிவு மாறவில்லை. இறங்கும் வழியில் அளந்தபொழுது, பாதரசம் இடைப்பட்ட உயரத்தைக் காட்டிற்று. தோட்டத்திற்கு வந்தவுடன் பழைய உயரத்திற்கே திரும்பியது. அங்கிருந்த குழாயோ நாள் முழுவதும் அசையவே இல்லை. சோதனையின் வலிமை மலையேறிய குழாயில் பாதி, தோட்டத்தில் நின்ற குழாயில் பாதி எனலாம். பின்னது இல்லையேல், அன்றைய வானிலை மாறியதால் பாதரசம் தாழ்ந்தது என்று கூறிவிடலாமே!

பின்னர்ப் பாஸ்கல் நீர்மங்களின் அழுத்தத்தை ஆராய்ந்தார். மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று கண்டார். கலத்தில் இரண்டு துளைகள் இருப்பதாகவும், ஒன்று மற்றதைப்போல் நூறு மடங்கு பரப்புடையது என்றும் கொள்வோம். சிறிய துளையின் அடைப்பை ஒருவர் அழுத்தினால், பெரிய அடைப்பை நூறு பேர் அழுத்தும் விசையை அது எதிர்த்து நிற்கும். மோட்டார் வண்டிகளின் நீர்ம நிறுத்தியும், பெரும்பாரம் தூக்கும் நீரழுத்தப் பொறியும் இவ்விதியைக் கொண்டே இயங்குகின்றன.

1654இல் பெர்மா என்னும் கணித அறிஞருடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து, நிகழ்தகவுக் கணிதத்திற்கு அடிகோலியது. அதே ஆண்டின் இறுதியில் அவர் உள்ளம் சமயத்தின்பால் திரும்பிற்று. நோய் நாளும் வாட்ட, 1662ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், முப்பத்தொன்பதாம் வயதில் பாரிசில் காலமானார். நீர்மங்களையும் காற்றின் எடையையும் பற்றிய அவர் நூல் மறு ஆண்டே வெளிவந்தது. 1971இல் உலக அளவை மாநாடு அழுத்தத்தின் அலகிற்குப் ‘பாஸ்கல்’ என்னும் பெயரை ஏற்றது. புயற்காலத்து வானிலை அறிக்கைகளில் காற்றழுத்தத்தைக் குறிக்கும் ‘ஹெக்டோபாஸ்கல்’ என்பது அத்தகைய நூறு அலகுகள் சேர்ந்ததாகும்.