இருவாச்சியின் பிரசவ அறை

புதுச்சேரிக் கடற்கரையில் மாலை வேளையில் காற்று வாங்குகிறவர்களுக்குச் செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தெரியாமல் இராது. 1955-இல் தொடங்கியது. சைவ ஆகமச் சுவடிகளுக்குப் பெயர் போன இடம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு பெருங்காடே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை ஆராய்ந்து படம் வரைந்தவர்கள் இவர்கள்தான். அங்குள்ள மரங்களின் இலையையும் பூவையும் உலர்த்தி, தாளில் ஒட்டி, ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உலகில் வேறெங்கும் வளராமல் அந்த மலைகளில் மட்டுமே வளரும் மரங்களைப் பற்றி 1997-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் 350-க்கும் மேற்பட்ட மரங்கள் இடம் பெற்றன!

தாளில் பார்த்தால் திருப்தி வருமா? நேரில் பார்க்க வேண்டாமா?

முதலில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் ஒத்திகை பார்த்துக் கொள்ளுங்கள். காலாப்பட்டைத் தாண்டிப் புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குப் போனால், கோயிலைச் சுற்றி ஒரு பழைய காடு இருக்கிறது. நமது கடற்கரைச் சீமையில் ஒரு காலத்தில் இருந்த காட்டின் மிச்சம் அது. ஐயனாருக்குப் பயந்து யாரும் கோடரி வைக்காததால் பிழைத்தது. மரங்கள் குட்டை, இலைகள் தடிப்பு. புதுச்சேரியில் ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையோடு சரி. ஆனைமலையில் வால்பாறைப் பக்கமோ 3,000-ஐத் தாண்டிக் கொட்டுகிறது. அதனால் அங்கே மரங்கள் கோபுரம் கோபுரமாக எழும்பி நிற்கின்றன. பட்டப்பகலில் அடியில் நின்றாலும் அந்திப் பொழுது போல் இருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து இரண்டு வழி. ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. (எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.) சேத்துமடை வழியாகப் போனால் டாப் ஸ்லிப். அந்தக் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி, மலை உச்சியிலிருந்து சறுக்கி விட்ட இடமாதலால் அந்தப் பெயர். அங்கே கரியன் சோலை என்ற மழைக்காடு இருக்கிறது. கூடாரம் அடித்துத் தங்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இஷ்டப்பட்ட இடத்தில் அடிக்க முடியாது. இது புலிகள் காப்பகம். வனத்துறை விடுதியில் முன்கூட்டியே இடம் பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு நடப்பதே முறை. மழைக்காலத்தில் அட்டை உண்டு. முழங்கால் வரை காலுறை, கையில் ஒரு பொட்டலம் உப்பு - இவ்வளவு போதும். அட்டைக்காக அலறுவது வீண்.

புலியைப் பார்க்கத்தான் போகிறோம் என்று கிளம்பாதீர்கள், ஏமாற்றம் நிச்சயம். இருவாச்சியைப் பார்க்கப் போங்கள். இரண்டு முழத்துக்கு மேல் நீளம். மஞ்சள் அலகு, அதன்மேல் கிரீடம் வைத்தாற்போல் ஒரு கொண்டை. பறந்தால் நீராவி ரயில் போவது போல் இறக்கைச் சத்தம் கேட்கும்.

இதன் குடும்ப வாழ்க்கையைக் கேளுங்கள். தை மாசி வாக்கில் பெண் பறவை பெரிய மரத்துப் பொந்தில் புகுந்து, வாசலைத் தன் எச்சத்தாலேயே பூசி அடைத்துக் கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டுமே பாக்கி. உள்ளேயே முட்டை, அடைகாத்தல், சிறகு உதிர்ந்து முளைத்தல் எல்லாம். மூன்று நான்கு மாதச் சிறைவாசம்! அத்தனை நாளும் ஆண் பறவை அத்திப்பழத்தைத் தொண்டையில் நிரப்பிக் கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டுகிறது. சமையற்கட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் நல்லது. அந்த ஆண் பறவையை யாராவது சுட்டு விட்டால், உள்ளே இருப்பவர்கள் கதி பட்டினிதான்.

பொந்தைக் குடைய இருவாச்சிக்குத் தெரியாது. தானாகப் பொந்து விழுந்த பழைய மரம் வேண்டும். அப்படியொரு மரம் உருவாகப் பல தலைமுறை ஆகும்; அறுத்துத் தள்ள ஒரு பகல் போதும். வால்பாறை மேட்டில் தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் காட்டை வெட்டியபோது, தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் சோலைகள் தப்பின. அத்துண்டுகளில் பழைய மரவகைக் கன்றுகளை மறுபடி நட்டு வருகிறார்கள் சில ஆராய்ச்சியாளர்கள். மலைக்கு அப்பால் கேரளத்து வாழச்சாலில் காடர் பழங்குடியினரே இருவாச்சிக் கூடுகளுக்குக் காவலாக நிற்கிறார்கள்.

வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளைச் சாலை ஓரத்திலேயே பார்க்கலாம். மரக்கிளையை விட்டு இறங்காமலே வாழ்ந்து பழகிய ஜாதி. காடு துண்டானதால் தார் ரோட்டில் இறங்கி, கார்ச் சக்கரத்தில் அகப்படுகிறது. அதற்காக மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் வழியில் போகிறவர்கள் தின்பண்டம் எறிந்தால், பாலத்தை விட்டுக் கீழேதான் வரும். ஆகவே முறுக்கு, சீடை டப்பாக்கள் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும். கண்ணாடியையும் ஏற்றி விடுங்கள்.