காட்டில் எத்தனை புழு? கிளையை வெட்டிக் கணக்குப் போடுகிறார்கள்!

கனடாவின் கிழக்குப் பகுதியில் நியூ பிரன்ஸ்விக் என்று ஒரு மாகாணம். அதன் பெரும் பகுதி காடு. பால்சம் பிர் என்ற ஊசி இலை மரங்கள் அங்கு ஏராளம். காகிதம் செய்யவும் பலகை அறுக்கவும் உதவும் மரம் அது.

அந்த மரத்துக்கு ஓர் எதிரி உண்டு. ஓர் அங்குல நீளமே உள்ள மொட்டுப் புழு! வசந்த காலத்தில் துளிர் விட்டதும் தின்னத் தொடங்கும். நாலைந்து ஆண்டுகள் தொடர்ந்து தின்றால், மரம் பட்டுப்போகும்.

மீன்கள் செத்தன

புழுவை ஒழிக்க, 1952-ல் விமானத்தில் பறந்து டி.டி.டி. மருந்தைத் தெளிக்கத் தொடங்கினார்கள். 1954-ல் மிராமிச்சி ஆற்றுப் பகுதியில் தெளித்தபோது, புழுக்களோடு சால்மன் மீன் குஞ்சுகளும் செத்தன!

தெளிக்காவிட்டால் மரம் போகும். வீணாகத் தெளித்தால் மீன் போகும். ஆகவே, எங்கே எத்தனை புழு இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். கோடிக்கணக்கான புழுக்களை எண்ணுவது எப்படி?

ஒரு சோறு போதாது

பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். காட்டுக்கு அது போதாது. ஒரே மரத்தில் மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு. மரத்துக்கு மரம் வித்தியாசம் இன்னும் அதிகம்.

இதை ஆராய்ந்தவர் ஆர். எப். மாரிஸ் என்ற விஞ்ஞானி. 1955-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே மரத்தில் பல கிளைகளை வெட்டுவதைவிட, பல மரங்களில் நடுக்கிளை ஒவ்வொன்றை வெட்டுவதே நல்ல வழி!

நீண்ட கம்பின் நுனியில் கத்தரி. அதன் கீழே கூடை. கிளை ஆடினால் புழு நூல் விட்டு இறங்கித் தப்பிவிடும். அதைப் பிடிக்கத்தான் கூடை. பிறகு கிளையின் நீள அகலத்தை அளந்து, பத்து சதுர அடி இலைப் பரப்புக்கு எத்தனை புழு என்று கணக்கிடுவார்கள். உதாரணமாக, 5 சதுர அடிக் கிளையில் 20 புழு என்றால், கணக்கு 40.

எப்போது நிறுத்துவது?

முதல் சில மரங்களிலேயே புழு மிகக் குறைவு என்றால், எண்ணுவதை நிறுத்திவிடலாம். மிக அதிகம் என்றாலும் நிறுத்திவிடலாம். இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்தால்தான் அடுத்த மரத்துக்குப் போவார்கள். எவ்வளவு வேலை மிச்சம்!

குளிர்காலத்தில் குட்டிப் புழுக்கள் கிளைகளில் நூல் கூடு கட்டி உறங்கும். கிளைகளைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் கூடு கழன்றுவிடும். வடிகட்டி எண்ணினால், அடுத்த வசந்தத்தில் வரப்போகும் ஆபத்து முன்கூட்டியே தெரிந்துவிடும்.

டி.டி.டி. இன்று அங்கு தெளிக்கப்படுவதில்லை. 2014 முதல், குளிர்காலப் புழுக்களை எண்ணி, அவை பெருகத் தொடங்கும் இடங்களில் மட்டும் வேறு மருந்துகளைத் தெளிக்கும் முறை வந்திருக்கிறது.

முதலில் கிளை சொல்ல வேண்டும். பிறகுதான் விமானம் பறக்கும்!