துப்பறிவாளரை அமர்த்தப் போகிறீர்களா?

பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது. பையனுக்கு வெளியூரில் வேலை. சொன்ன சம்பளம் உண்மையா? முன்பே கல்யாணம் ஆனவரா? யாரிடம் கேட்பது?

இப்படி விசாரிக்கத் துப்பறிவாளர்கள் இருக்கிறார்கள். இது பழைய தொழில். பாரிஸ் நகரில் விடோக் என்பவர் 1833-லேயே இதற்கு அலுவலகம் திறந்தார். அவர் சிறையில் இருந்து, பிறகு போலீசில் சேர்ந்தவர்!

சட்டம் இல்லை

நம் நாட்டில் துப்பறிவாளருக்கென்று தனி லைசென்சுச் சட்டம் கிடையாது. 2007-ல் மாநிலங்கள் அவையில் மசோதா வந்தது, சட்டம் ஆகவில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். நாம்தான் உஷாராக இருக்கவேண்டும்.

அலுவலகத்துக்கு நேரில் போங்கள். என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ரசீது கேளுங்கள்.

எழுந்து வந்துவிடுங்கள்!

அக்கம்பக்கத்தில் விசாரிப்பது தவறல்ல. ஆனால், "பையனின் போன் பட்டியலை எடுத்துத் தருகிறேன்" என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம். 2018-ல் தானே நகரப் போலீசார் இந்தக் குற்றத்துக்காகத் துப்பறிவாளர்களையே கைது செய்தார்கள்.

துப்பறிவாளர் தருவது தகவல்தான். முடிவு செய்யவேண்டியவர்கள் நீங்களும் உங்கள் மகளும்!