பெயரை வாங்குமுன் வில்லங்கம் பார்க்க வேண்டும்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்திவரும் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்துக்கு, 2018 செப்டம்பர் 24 அன்று ஒரு விசித்திரமான விபத்து நேர்ந்தது. அதன் கணினிகள் பழுதுபடவில்லை. வாடிக்கையாளரின் கடிதங்களும் கணக்குகளும் பத்திரமாகவே இருந்தன. ஆயினும், அதன் அஞ்சல் சேவையைச் சிலர் மோசடிக்குப் பயன்படுத்தினர் என்ற புகாரின்பேரில், ஸோஹோ டாட் காம் என்ற பெயரைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்கப் பதிவகம் அப்பெயரை முடக்கிவிட்டமையால், உலகெங்கும் லட்சக்கணக்கானோர் தங்கள் அலுவல்களைத் தொடர இயலாமல் தவித்தார்கள். நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கோர வேண்டியதாயிற்று. ஒரு பெயர் எத்துணைப் பெரிய சொத்து, எத்துணை மெல்லிய பாத்தியதையின்மேல் நிற்பது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டியதில்லை.

நடந்துவரும் இணையதளத்தையோ, ஜனங்களுக்கு அறிமுகமான டொமைன் பெயரையோ கிரயத்துக்கு வாங்கி ஆதாயம் காணலாம் என்று எண்ணுகிறவர்கள், டொமைன் எவருக்கும் சாசுவதமான உடைமையன்று என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிந்து, தவணைதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பித்து அனுபவிக்கும் உரிமையே அது. ஆதலால் தென்காசியில் மனை வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைப்போல, பெயர் வாங்குகிறவரும் அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தறிவது அவசியம். ஹூயிஸ் என்னும் டொமைன் விவரப் பதிவேட்டில் அது பதிவான தேதியும் காலாவதியாகும் தேதியும் கிடைக்கும். வேபேக் மெஷின் என்னும் இணையக் களஞ்சியத்தில், இன்று சமையற்குறிப்பு வழங்கும் தளம் முன்பு சூதாட்ட விளம்பரம் நடத்திற்றா என்பது புலனாகும். வர்த்தக முத்திரைப் பதிவேட்டையும் பார்த்தாக வேண்டும். ஏனெனில், சிஃபி என்ற பெயருக்காகச் சென்னையின் சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வர்த்தக முத்திரைக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2004-இல் தீர்ப்பளித்துவிட்டது.

அதே சத்யம் இன்ஃபோவேதான் 1999 நவம்பரில், ராஜேஷ் ஜெயின் 1995-இல் தொடங்கிய இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை, சமாசார், கோஜ், கேல், பவார்ச்சி ஆகிய தளங்களோடு 499 கோடி ரூபாய்க்குப் பேசி முடித்துத் தேசத்தையே வியப்பில் ஆழ்த்தியது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் பங்குச் சந்தையில் இணைய நிறுவனங்களின் மதிப்பு சரிந்தபோது, கொடுத்த விலைக்கும் ஈட்டிய வருமானத்துக்கும் இருந்த தூரம் வெளிப்பட்டு, விலையின் கணிசமான பகுதியை நஷ்டக் கணக்கில் எழுத நேர்ந்தது. தளங்கள் நல்லவையே, வாங்கிய விலைதான், அவை சம்பாதித்ததைப் பாராமல், பிறர் அவற்றுக்கு என்ன தருவார்கள் என்ற ஊகத்தின்மேல் எழுந்தது.

குற்றாலத்து விடுதிகளையும் சாரல் நிலவரத்தையும் கூறும் தளம் ஒன்று விற்பனைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நெருக்கியடிக்கும் ஜூலை மாதத்து வரவை மட்டும் காட்டி, அதனைப் பன்னிரண்டால் பெருக்கி விலை சொல்லுகிறவர், அருவிகள் வறண்டுகிடக்கும் மார்ச் மாதத்தை மறைக்கிறார். முழு ஆண்டுக்கும், இயலுமாயின் இரண்டு சீசன்களுக்கும், விளம்பர வருமானத்தை வங்கிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். பார்வையாளர் கணக்கை நகலாகப் பெறுவது போதாது. விற்பவரைத் தம் எதிரிலேயே அதைத் திறந்துகாட்டச் சொல்லி, பார்வையாளர்கள் மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வருகிறார்களா, அல்லது சம்பந்தமில்லாத தேசங்களிலிருந்து காசுக்குக் கூட்டப்பட்டவர்களா என்று கவனிக்க வேண்டும். விடுதிக்காரர்கள் அத்தளத்தை நாடுவது விற்பவரின் சொந்தப் பழக்கத்தினாலாயின், அவர் விலகிய மறுநாள் அந்த வருமானமும் விலகிவிடும்.

பணத்தை நடுநிலையான எஸ்க்ரோ கணக்கில் செலுத்தி, மாற்றுக் குறியீட்டைப் பெற்று, பெயர் தம் சொந்தக் கணக்குக்கு வந்து சேர்ந்தபின்னரே அப்பணம் விற்பவருக்குப் போகுமாறு ஒப்பந்தம் எழுதிக்கொள்வது விவேகம். தளத்தை அமைத்துத் தந்தவர் பெயரிலோ, உறவினர் பெயரிலோ பதிவை விட்டுவைப்பது பின்னாளில் வழக்குக்கே வழி. இத்தனை பரிசீலனைக்கும் விற்பவர் மனமுவந்து இடங்கொடுத்தால் விலையைப் பற்றிப் பேசலாம். கணக்கைத் திறந்துகாட்டத் தயங்குவாராயின், பெயர் எவ்வளவு கீர்த்தி பெற்றதாயினும் அதை விட்டுவிடுவதே சேமம்.