ஊர்வாய்க்கு அஞ்சலாமா?

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்னும் கேள்வி நம்மிற் பலரை வாழ்நாள் முழுதும் ஆட்டி வைக்கிறது. பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இவ்வச்சம் இருமடங்கு. வந்த இடத்தார் நம் பேச்சையும் தொழிலையும் எப்படி மதிப்பார்களோ என்பது ஒன்று. சொந்த ஊரார் என்ன நினைப்பார்களோ என்பது மற்றொன்று.

பிறர் சொல்லைக் கருதுவது முற்றிலும் தீயதா? அன்று. திருக்குறளில் நாணுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. அவையஞ்சாமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. தகாததைச் செய்யக் கூசுவது நாணம். தக்கதைச் செய்யவும் ஊர்வாய்க்கு அஞ்சுவது கோழைமை. முன்னதைக் காத்தல் வேண்டும். பின்னதைக் களைதல் வேண்டும்.

இவ்வேறுபாட்டைச் செயலிற் காட்டியவர்கள் இடுக்கி மாவட்டத்து மலைப் பெண்கள். சூரியநெல்லி, மூணாறு முதலிய இடங்களில் தேயிலைக் கொழுந்து பறிப்போருள், முன்னாளில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் வழிவந்தோர் மிகப் பலர். 2015-ஆம் ஆண்டு மூணாற்றுத் தோட்டங்களில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அப்போது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். செப்டம்பர் மாதத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுங்கி நிற்கச் சொல்லித் தாமே பேசினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று அவ்வியக்கம் பெயர் பெற்றது.

பெண்கள் தெருவில் நின்று முழங்கினால் ஊர் எப்படிப் பேசும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் ஊர்ப்பேச்சு அடுப்பை எரிக்காது என்பதையும் அறிந்திருந்தார்கள். ஒன்பது நாட்களில், போனஸும் கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு கிடைத்தது. அக்டோபரில் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. அவர்கள் கேட்டதோ 500. பின்னர் இயக்கம் பிளவுபட்டு வலிமை குன்றியது. 2017-இல் அமைச்சர் ஒருவரே அவர்களைப் பற்றி இழிவாகப் பேசினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பெண்கள் நாணி வீட்டுக்குள் ஒடுங்கவில்லை. மன்னிப்புக் கோரி மீண்டும் மூணாற்றுத் தெருவில் அமர்ந்தார்கள்.

துணிந்தவரைப் பழிச்சொல் தீண்டாது என்பதில்லை. பழிச்சொல் வந்த பின்னும் வாழ்வு நடக்கும் என்பதே இங்கு நாம் கற்கும் பாடம்.

ஆகவே பிறர் சொல்லுக்கு அஞ்சும் வேளையில் இரண்டு கேள்விகளை எழுப்புவோம். நாம் செய்யக் கருதுவது அறமா? அதைச் செய்யாது விட்டால் வரும் இழப்பை, பேசுகின்றவர் பங்கிட்டுக் கொள்வாரா? முதற் கேள்விக்கு 'ஆம்' என்றும், இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் நெஞ்சு விடை கூறுமாயின், தயங்காது நடப்போமாக.