தந்தப் பெட்டிக்குள் ஒரு ராஜ்ஜியம்

போன மாசம் போடிமெட்டில், ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் இரண்டு நாள். வெளியே மழை, கரண்ட் இல்லை. எங்க அப்பத்தாவின் பித்தளை வெத்தலைப் பெட்டி ஞாபகத்தில், ஸ்பானிஷ் காலனி கால அலங்காரப் பெட்டிகளைப் பற்றி போனில் தேட ஆரம்பித்தேன். தேடல் போய் நின்ற இடம் இலங்கை.

ஜெர்மனியில் மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் யானைத் தந்தப் பெட்டி ஒன்று இருக்கிறது. தங்கம், மாணிக்கம், நீலக்கல் எல்லாம் பதித்தது. கோட்டே அரசர் ஏழாம் புவனேகபாகு லிஸ்பனுக்கு அனுப்பியது. சும்மா பரிசுப் பொருள் இல்லைங்க, அது ஒரு விண்ணப்பம்.

அரசருக்கு ஆண் வாரிசு கிடையாது. மகளின் பிள்ளை தர்மபாலன்தான். சீதாவாக்கையிலோ தம்பி மாயாதுன்னை, அண்ணன் எப்போ சாய்வார் என்று காத்திருந்தார். அதனால் பேரனுடைய தங்கச் சிலை ஒன்றைச் செய்து, தூதரோடு கப்பல் ஏற்றினார் தாத்தா. 1543-ல் போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜான் அந்தச் சிலைக்கு முடிசூட்டினார். பெட்டியின் ஒரு பலகையில் அதே காட்சி செதுக்கியிருக்கிறது. பெட்டியை 1541 வாக்கில் செய்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படியென்றால், நடக்க வேண்டியதை முன்கூட்டியே படமாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எங்க ஆபீஸில் இதற்குப் பேர் டெமோ.

கோட்டேயிலிருந்து போன இந்த மாதிரிப் பெட்டிகளில் ஒன்றில், ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1514-ல் அச்சிட்ட பைக்குழல்காரனும் இருக்கிறான். ஐரோப்பிய அச்சுப்படம் கோட்டே தச்சர் கைக்கு எட்டி, தந்தத்தில் ஏறித் திரும்ப ஐரோப்பாவுக்கே போயிருக்கிறது! அவற்றை ஆசையாகச் சேர்த்தவர்களில் ஜானின் ராணி காத்தரினாவும் ஒருவர்; ஸ்பெயின் அரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கை.

விண்ணப்பம் பலித்ததா? 1551-ல் களனியில் புவனேகபாகு சுடப்பட்டு இறந்தார். சுட்டது ஒரு போர்த்துக்கீசியன், கைதவறிவிட்டது என்றார்கள். பேரன் 1557-ல் ஞானஸ்நானம் பெற்று தொம் ஜுவான் பெரிய பண்டார ஆனார் ('பெரிய' நம்ம பெரியதான்). 1580-ல் ராஜ்ஜியத்தையே போர்ச்சுகல் முடிக்கு எழுதிக்கொடுத்தார். 1597-ல் அவர் கண்ணை மூடியபோது, போர்ச்சுகலையும் சேர்த்து ஆண்டவர் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப். பெட்டி அதற்கு முன்பே பவேரியப் பிரபு ஐந்தாம் ஆல்பிரெக்டின் சேகரிப்புக்குப் போய்விட்டது.