ஜன்னியும் மூளை அலைகளும்

தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையை அறியாதவர் வடசென்னையில் அரியர். காலராவும் டைபாய்டும் ஊரை வாட்டிய நாட்களில், கடுங்காய்ச்சலில் பிதற்றுவோரைக் கண்டு, “ஜன்னி கண்டுவிட்டது” என்பர் நம் மூத்தோர். அவ்வாறு அறிவு தடுமாறும் நிலையை இன்றைய மருத்துவம் ‘டெலிரியம்’ என்கிறது. இன்று அதனை மிகுதியாகக் காண்பது தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே.

நேற்றுவரை தெளிவாகப் பேசிய தந்தை, பெற்ற மகனையே யாரென்று வினவுகிறார். குழாய்களைப் பிடுங்க முனைகிறார். வெளியே காத்திருப்போர், பித்துப் பிடித்ததோ, ஜின் தீண்டியதோ என்று கலங்குகின்றனர். இரண்டுமல்ல. கிருமித் தொற்று, பிராணவாயுக் குறைவு, இரத்த உப்புகளின் மாறுபாடு, சில மயக்க மருந்துகள், உறக்கமின்மை ஆகியவற்றால் மூளை தற்காலிகமாகத் தளர்வதே இதன் காரணம்.

இதற்கு மூளையின் மின்னலைகளே சான்று. 1924இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். கண்மூடி விழித்திருக்கும் நலமுள்ளவரிடம் நொடிக்கு 8 முதல் 13 வரையான அலைகள் எழுகின்றன. அறிவு மயங்கும்போது பெரும்பாலும் இவ்வலைகள் மந்தமாகின்றன. தெளியும்போது வேகம் மீள்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் எங்கெலும் ரொமானோவும் 1940களில் இதனை எடுத்துக்காட்டினர். உடல் துடிக்காமல் மூளைக்குள்ளேயே நிகழும் வலிப்பையும் இப்பதிவே காட்டிக்கொடுக்கும்.

ஆயினும், ஆர்ப்பரிப்பவர் மட்டுமே இந்நோயாளி என்று எண்ணுதல் தவறு. வாய்திறவாமல் வெறித்துக் கிடப்பவரும் இதே நிலையில் இருக்கலாம். அவரே பெரிதும் கவனிக்கப்படாமல் போகிறார். ஒவ்வொரு கட்டிலுக்கும் அலைப்பதிவுக் கருவி வைத்தல் எளிதன்று. அதனால், குறிப்பிட்ட எழுத்தைக் கேட்கும்போது கையை அழுத்தச் சொல்லிக் கவனத்தை அறியும் எளிய சோதனையொன்று 2001 முதல் வழக்கில் உள்ளது.

குடும்பத்தாரின் பங்கும் இதில் உண்டு. கொரோனா நோயாளிகள் 2,088 பேரை 14 நாடுகளில் ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் இந்நிலைக்கு ஆளாகியிருந்தனர். உறவினர் நேரிலோ காணொளியிலோ கண்டு பேசியவர்களிடம் இது குறைவாகவே காணப்பட்டது.

ஆகவே வாசகர்களே, நோயாளி வழக்கத்திற்கு மாறாக நடந்தால் உடனே மருத்துவரிடம் கூறுங்கள். அவரது இயல்பை அறிந்தவர்கள் நீங்களே. மருத்துவரின் இசைவுடன் மூக்குக் கண்ணாடியையும் செவிக் கருவியையும் கொண்டு சேருங்கள். பகலிரவு தெரியாத அவ்வறையில், “அத்தா, நான் உங்கள் மகன், இது மருத்துவமனை, இன்று வெள்ளிக்கிழமை, அஸர் நேரம்” என்று மெல்லச் சொல்லுங்கள். அவர் பிதற்றினால் வாதிடாதீர்கள். பிறர் முன் நகையாடாதீர்கள். வீடு திரும்பிய பின்னும் சிலருக்கு மறதி பல மாதங்கள் நீடிப்பதுண்டு. அப்போதும் பொறுமையோடு துணைநிற்பது நம் கடமை.